தாய்மாமனை வெளியே போகச் சொன்ன மகளுக்கு

மகளே,

நலமா என்று கேட்டு இதைத் தொடங்கப் போவதில்லை. காலையில் தோசை சாப்பிட்டு, சட்னியில் உப்பு குறைவு என்று சொல்லிவிட்டுத்தான் கம்பெனிக்குப் போனாய். ஒரே வீட்டில் நீ மாடியிலும் நான் கீழேயும் இருந்துகொண்டு உனக்குக் கடிதம் எழுதுவது கிறுக்குத்தனமாகத் தெரியும். ஆனால் நேரில் பேச வாயெடுத்தால், போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "பாயிண்டுக்கு வாங்கம்மா" என்கிறாய். என்னிடம் பாயிண்டுகள் இல்லை. இருப்பதெல்லாம் குழப்பம்தான். குழப்பத்தைக் குறுக்கே யாரும் மறிக்காமல் சொல்லி முடிக்க வேண்டுமென்றால் எழுதத்தான் வேண்டியிருக்கிறது.

போன சனிக்கிழமை, வர்த்தகர்கள் கூடும் அந்த மண்டபத்தில், புதிதாகக் கம்பெனி டைரக்டர் ஆனவர்களுக்கும் ஆகப் போகிறவர்களுக்கும் நீ வகுப்பெடுத்தாய். வந்தவர்கள் பெரும்பாலும் நூற்பாலை வீட்டுப் பிள்ளைகள், நம்மைப் போலப் பேண்டேஜ் துணி நெய்கிற வீட்டுப் பிள்ளைகள். அங்கே ஓர் உதாரணம் சொன்னாயாம். ஒரு குடும்பக் கம்பெனி. அதில் தாய்மாமன் ஒரு டைரக்டர். அவருடைய சொந்த நிலத்தையே கம்பெனி வாங்குவதாகப் பேச்சு. அந்தப் பேச்சு நடக்கிற கூட்டத்தில் அவரும் உட்கார்ந்திருந்தார். அவருடைய அக்கா மகளே அவரை வெளியே போகச் சொன்னாள். அதுதான் நல்ல நிர்வாகம் என்று சொன்னாயாம். பெயர் எதுவும் சொல்லவில்லையே என்கிறாய். ராஜபாளையத்தில் பெயர் வேறு சொல்ல வேண்டுமா? அன்று சாயங்காலமே, மார்க்கெட்டில் எலுமிச்சம்பழம் பொறுக்கிக்கொண்டிருந்த என்னிடம் ஒருத்தி வந்து, "என்னக்கா, ஒங்க தம்பிய ஒங்க மகளே வெளிய தள்ளிட்டாளாம்லா?" என்று கேட்டாள். நான் எலுமிச்சம்பழத்தை வாங்காமலே வந்துவிட்டேன்.

நீ தள்ளவில்லை. "மாமா, செத்த நேரம் வெளிய இருங்க" என்றுதான் சொன்னாய். நான் அங்கேதான் இருந்தேன். கூட்டத்துக்குத் தலைவி நான்தான். அந்தக் கதை யாருக்காவது பாடமாக வேண்டுமென்றால் முழுதாகச் சொல்லப்பட வேண்டும். ஆகவே இதை அடுத்த வகுப்பில் அப்படியே வாசித்துக் காட்டு. சங்கடமாக இருக்கிற இடத்தைத் தாண்டிப் போகாதே. எனக்கும்தான் சங்கடமாக இருக்கிறது.

உன் அப்பா இறந்துபோனபோது உனக்குப் பால்பல் விழுந்திருக்கவில்லை. கம்பெனி என்றால் குறைந்தது இரண்டு டைரக்டர்கள் வேண்டும் என்று அப்போதைய ஆடிட்டர் சொன்னார். ஒன்று நான். இன்னொருவர் யார் என்று கேட்டபோது உன் அப்பா வீட்டுப் பக்கம் ஒரு கையும் உயரவில்லை. டைரக்டர் ஆனால் பாங்கில் ஜாமீன் கையெழுத்தும் சேர்ந்து வரும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஸ்ரீவில்லிபுத்தூரில் உரக்கடை வைத்திருந்த என் தம்பி, கடையைப் பாதி நாள் பூட்டிவிட்டு வந்து கையெழுத்துப் போட்டான். என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. "வாசிச்சுப் பாருடா" என்றேன். "அக்கா போடச் சொன்னா போடுதேன். வாசிச்சா பயம் வந்துரும்" என்றான். அதன் பிறகு தறிகள் ஒழுங்காக ஓடத் தொடங்கும்வரை தினமும் பஸ்ஸில் வந்து, வேலையாட்கள் மாறுகிற நேரம்வரை வாசலில் நின்றுவிட்டுப் போனான். ஒரு பெண் தனியாக நடத்துகிறாள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதாம். அதற்காக அவன் எதுவும் கேட்கவில்லை. டீயைக்கூடக் கடையில் காசு கொடுத்துத்தான் குடித்தான்.

வாசிக்காமல் கையெழுத்துப் போடுவதுதான் ஒரு டைரக்டர் செய்யக்கூடிய முதல் தவறு என்று நீ வகுப்பில் சொன்னாயாம். சரிதான். உன்னிடம் படிக்க வந்த பிள்ளைகளில் யாராவது என்னிடம் வந்து, "எங்க அத்தை கையெழுத்துக் கேக்காக, போடட்டுமா?" என்றால், ஒரு வரி விடாமல் வாசித்துவிட்டுப் போடு, விளங்காத வரிக்கு விளக்கம் கேள், விளக்கம் வராவிட்டால் பேனாவை மூடி வை என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் அன்று என் தம்பி வாசித்திருந்தால் போட்டிருக்க மாட்டான். போடாமல் இருந்திருந்தால் நீ இன்று டைரக்டராக உட்காரக் கம்பெனியே இருந்திருக்காது. அவன் செய்தது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். இன்னொருவர் அதையே செய்தால் தவறு என்று சொல்வேன். இரண்டும் எப்படி ஒரே வாயிலிருந்து வருகிறது என்று கேட்காதே. அதற்குத்தான் முதலிலேயே குழப்பம் என்று எழுதினேன்.

நீ வருவதற்கு முன் நம் போர்டு மீட்டிங் எப்படி நடந்தது என்பதை உன் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். பாதிப் பேர் வீட்டில் இன்றும் அப்படித்தான் நடக்கும். காலையில் நானும் தம்பியும் போனில் பேசி முடித்துவிடுவோம். மத்தியானம் அவன் வருவான். பாங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற ஞானதுரை சார் கூமாப்பட்டியிலிருந்து வருவார். வெளியாள் ஒருவர் இருந்தால் நல்லது என்று யாரோ சொல்லி அவரையும் டைரக்டராகச் சேர்த்திருந்தோம். இலை போட்டுச் சாப்பாடு. மோருக்குப் பிறகு கை கழுவிவிட்டு வந்தால், கூட்டம் நடந்துமுடிந்ததாக மினிட்ஸ் குறிப்பு தயாராக இருக்கும். ஞானதுரை சார் கண்ணாடியைத் துடைத்து மாட்டி, "நல்லதும்மா, செய்யலாம்" என்பார். கையெழுத்து. வெற்றிலை. அவ்வளவுதான். அந்த மினிட்ஸில் எல்லா முடிவும் ஏகமனதாகத்தான் எடுக்கப்பட்டிருக்கும். ஒருமனது, அதுவும் என் மனது.

நீ சென்னை வேலையை விட்டுவிட்டு வந்து டைரக்டர் ஆனதும் முதலில் நிறுத்தியது அந்தச் சாப்பாட்டை. "பேச்சு மொதல்ல, சோறு பொறவு" என்றாய். ஞானதுரை சார் முகம் வாடிப்போனது. அடுத்து, பேசப் போகிற விஷயங்களையும் அதற்கான கணக்குகளையும் ஒரு வாரம் முன்னாலேயே எல்லோருக்கும் அனுப்பினாய். என் தம்பி எனக்குப் போன் செய்து, "அக்கா, பாப்பா பரீட்சைக்குப் படிக்கச் சொல்லுதா" என்றான். எனக்கும் அப்படித்தான் இருந்தது. எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். பேண்டேஜ் பெட்டியில் ஒட்டுகிற லேபிளை எழுத்துக் கூட்டித்தான் இங்கிலீஷ் படித்தேன். நீ அனுப்பிய காகிதங்களையும் அப்படியே எழுத்துக் கூட்டிப் படித்தேன். படித்ததைச் சொல்கிறேன்: என் கம்பெனியைப் பற்றி எனக்குத் தெரியாதது அதில் நிறைய இருந்தது. அதற்காக உன்னைப் பாராட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. கோபம்தான் வந்தது.

ஒரு நாள் நூல் வாங்குகிற இடத்தை மாற்றுவது பற்றிப் பேசும்போது நான் சத்தம் போட்டேன். நீ சத்தம் போடவில்லை. "அம்மா, நீங்க இப்ப பங்குக்காரரா பேசுறீங்களா, போர்டு தலைவியா பேசுறீங்களா, தறிக்கூடத்த நடத்துறவங்களா பேசுறீங்களா?" என்று கேட்டாய். "ஒன்னப் பெத்தவளா பேசுதேன்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். ஆனால் அந்தக் கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை. பங்குக்காரர் லாபத்தைக் கேட்கலாம். தறிக்கூடத்தை நடத்துகிறவர் அன்றைய நூல், அன்றைய கரண்ட், அன்றைய ஆள் என்று பார்க்கலாம். போர்டில் உட்காருகிறவர் இந்த இரண்டு பேரையும் தள்ளிநின்று பார்த்து, இது கம்பெனிக்கு நல்லதா என்று கேட்க வேண்டும். தன்னை டைரக்டர் ஆக்கியவருக்கு நல்லதா என்றல்ல. கம்பெனிக்கு நல்லதா என்று. அது எனக்கு விளங்குகிறது. மூன்று பேரும் நானாகவே இருக்கும்போது யார் யாரைத் தள்ளிநின்று பார்ப்பது என்பதுதான் விளங்கவில்லை. நீ என்னைத் தள்ளிநின்று பார்க்கிறாய் என்பது மட்டும் தெரிகிறது. அது பிடிக்கவில்லை.

இப்போது அந்த நிலத்துக்கு வருகிறேன். துணியைக் கிருமி நீக்கிப் பெட்டியில் அடைக்க ஒரு புது யூனிட் வேண்டும் என்பதில் நமக்குள் சண்டை இல்லை. இடம்தான் கேள்வி. செண்பகத்தோப்பு போகிற வழியில் உன் மாமாவுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. "நம்ம எடத்துலயே கட்டுங்கக்கா, வெளியாள்ட்ட எதுக்கு?" என்றான். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. தம்பி நிலம், ஏமாற்று இருக்காது, வில்லங்கம் இருக்காது. காலையில் போனிலேயே முடிந்துவிட்டது. பழைய பழக்கம்.

கூட்டத்தன்று அவன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். வந்து, என் வலது பக்கம், எப்போதும் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தான். உனக்கு வாங்கிவந்த பால்கோவாவை உன் பக்கம் நகர்த்தி வைத்தான். நீ பொட்டலத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, நிலம் பற்றிய பேச்சு வந்ததும் அவனைப் பார்த்துச் சொன்னாய். "மாமா, இது ஒங்க நெலம். இதப் பேசி முடிக்கிறவர நீங்க செத்த நேரம் வெளிய இருங்க."

அவன் முதலில் சிரித்தான், நீ கேலி பேசுகிறாய் என்று. பிறகு என்னைப் பார்த்தான். நான், மினிட்ஸ் எழுத வந்திருந்த ஆடிட்டரைப் பார்த்தேன். ஆடிட்டர் மின்விசிறியைப் பார்த்தார். "ஏட்டி, காது குத்தும்போது எம் மடியிலதான உக்காந்த?" என்றான் உன் மாமா. "ஆமா மாமா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல" என்றாய். அவன் எழுந்தான். நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டுப் போனான். அந்தச் சத்தமில்லாததுதான் எனக்குத் தாங்கவில்லை. துணிப் பேல்களை லாரியில் ஏற்றுகிற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றவன், வண்டியை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போய்விட்டான். அன்றிலிருந்து இந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. தினமும் காலையில் வருகிற போனும் வரவில்லை.

நம் பக்கத்தில் ஒருவரைப் பந்திக்குக் கூப்பிடாமல் விட்டால் வருத்தம். பந்தியில் உட்காரவைத்து எழுப்பினால் அது தலைமுறைப் பகை. உனக்கு இது தெரியும். தெரிந்தே செய்தாய். நீ கேட்டது நியாயமாக இருக்கலாம். கேட்ட நேரம் நியாயமில்லை. ஒரு வாரம் முன்னாலேயே காகிதம் அனுப்பத் தெரிந்த உனக்கு, ஒரு நாள் முன்னால் மாமாவுக்குப் போன் செய்து, "இந்த விஷயம் வரும்போது நீங்க வெளிய இருக்கணும் மாமா, அது ஒங்களுக்கும் நல்லது" என்று சொல்லத் தெரியவில்லையே! "அது தலைவியோட வேலைம்மா" என்றாய் பிறகு. கூட்டம் தொடங்கும்போதே, இன்று பேசப் போவதில் யாருக்காவது சொந்தச் சம்பந்தம் உண்டா என்று தலைவி கேட்க வேண்டுமாம். நான் கேட்கவில்லையாம். இருக்கட்டும். நீ அதை என்னிடம் முன்னால் சொல்லியிருக்கலாம்.

அவன் போன பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். அதை நீ வகுப்பில் சொல்லவில்லை என்று கேள்விப்பட்டேன். ஒருவேளை என் மேல் இரக்கப்பட்டு விட்டுவிட்டாயோ என்னவோ. அறையில் நீ, நான், ஞானதுரை சார், ஆடிட்டர். நான் உன்னைத் திட்டி முடித்த பிறகு, ஞானதுரை சார் கண்ணாடியைத் துடைத்தார். "நல்லதும்மா, செய்யலாம்" என்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டார்: "அந்தத் தோப்புக்கு அங்கிட்டு காடுல்லாம்மா? அங்க யூனிட் கட்ட காட்டிலாகா சம்மதிக்குமா? அந்த ரோட்டுல பெரிய லாரி திரும்புமா? வேற எடம் எதையும் பாத்தமா, இல்ல இது ஒண்ணுதானா?"

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "இம்புட்டு வருசமா ஒங்க வாய் எங்க சார் போச்சு?" என்றேன். அவர் கொஞ்சமும் அசையவில்லை. "அவிய எதிர்ல உக்காந்திருக்கும்போது எப்படிம்மா கேக்குறது? ஒங்க தம்பி நெலத்த நான் கொற சொன்ன மாதிரி ஆகாதா? சாப்பாடு வேற போட்டிருப்பீங்க" என்றார். அவர் கேட்டதையெல்லாம் விசாரித்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று பேச்சை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தோம்.

அன்றிலிருந்து இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஞானதுரை சார் மரியாதையால் பேசாமல் இருந்தாரா, பயத்தால் பேசாமல் இருந்தாரா? நான் அவரை நல்ல டைரக்டர் என்று நினைத்ததே அவர் பேசாமல் இருந்ததால்தான். எதிர்த்துக் கேள்வி கேட்கிற உன்னைத்தான் தொல்லை என்று நினைத்தேன். தலையாட்டுகிறவர் சும்மா உட்கார்ந்திருந்த ஒவ்வொரு கூட்டத்திலும் என்னென்ன கேட்கப்படாமல் போனதோ என்று இப்போது ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன். அந்தப் பிள்ளைகளிடம் சொல்: போர்டில் உனக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள் என்றால், அதில் உட்கார்ந்து கேட்பதற்குத்தான். கேட்க முடியாத அளவுக்கு நன்றிக்கடன் பட்டிருந்தால் அந்த நாற்காலி வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். கேட்டும் சமாதானம் வராவிட்டால், எனக்கு இதில் சம்மதமில்லை என்று மினிட்ஸில் எழுதச் சொல்ல வேண்டும். எழுதிவைத்த பிறகு, பெரும்பான்மை எடுத்த முடிவைத் தெருவில் நின்று பழிக்கக் கூடாது. இதெல்லாம் நீ சொன்னதுதான். நான் சொன்னால் கேட்பார்கள் என்று எழுதுகிறேன்.

நீ சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்கிறவள் நான் இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆடிட்டரை வரச்சொல்லி, சட்டத்தில் என்ன இருக்கிறது என்று வரி வரியாகத் தமிழில் சொல்லச் சொன்னேன். அவர் சொல்லச் சொல்ல எனக்குத் தலை சுற்றியது. நம்மைப் போன்ற பிரைவேட் கம்பெனியில், எனக்கு இதில் சம்பந்தம் உண்டு என்று சொல்லிவிட்டு டைரக்டர் கூட்டத்தில் கலந்துகொள்ளலாம் என்று ஓரிடத்தில் இருக்கிறதாம். சம்பந்தப்பட்ட பேச்சு நடக்கும்போது அவர் அங்கே இருக்கக் கூடாது என்று இன்னோரிடத்தில் இருக்கிறதாம். "இதுல எது சரி?" என்றேன். "ரெண்டும் சரிதாம்மா. வெளிய போயிட்டா எந்த வம்பும் இல்ல" என்றார். வம்பு இல்லையாம். என் தம்பி என் வீட்டுக்கு வருவதில்லை. இவருக்கு வம்பு இல்லை.

பிறகு, யார் யார் உறவினர் என்று சட்டம் சொல்கிறதோ அதைக் கேட்டேன். அப்பா, அம்மா, கணவன், மனைவி, மகன், மருமகள், மகள், மருமகன், உடன்பிறந்தவர்கள். அதோடு முடிந்துவிட்டது. "தாய்மாமன்?" என்றேன். "இல்லம்மா." "நல்லாப் பாருங்க." "இல்லம்மா, தாய்மாமன் வர மாட்டார்." மடியில் வைத்துக் காது குத்தியவன் உனக்கு உறவே இல்லை என்று ஒரு சட்டம்! அதை நினைத்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இருந்தபோதுதான் இன்னொன்று உறைத்தது. உனக்கு அவன் உறவில்லை. எனக்கு உறவு. நான் உடன்பிறந்தவள். அப்படியென்றால் அவனுக்கு லாபம் வருகிற பேச்சில் எனக்கும் சம்பந்தம் உண்டு. அவன் எழுந்து போக வேண்டிய அதே நேரத்தில் நானும் எழுந்து போயிருக்க வேண்டும். "அப்படித்தான, ஆடிட்டர்?" என்றேன். அவர் மறுபடியும் மின்விசிறியைப் பார்த்தார்.

மகளே, இது உனக்குத் தெரியாமல் இருந்திருக்காது. வகுப்பெடுக்கிறவள் நீ. மாமாவை எழுப்ப உனக்குத் தைரியம் இருந்தது. என்னை எழுப்ப இல்லை. அவன் கோபித்துக்கொண்டு போனால் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருப்பான். நான் கோபித்துக்கொண்டால் கீழ்வீட்டில் இருப்பேன், அதனால்தானே? பாதி நியாயத்தைச் செய்துவிட்டு அதை உதாரணமாகவும் சொல்லிவிட்டாய். எனக்கு உன்மேல் இருக்கிற கோபத்தில் இதுதான் பெரிய கோபம். என்னிடம் கேட்டிருந்தால் நான் போயிருப்பேனா என்று கேட்காதே. போயிருக்க மாட்டேன். ஆனாலும் நீ கேட்டிருக்க வேண்டும்.

நேற்று ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். உன்னிடம் டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் போனேன். உரக்கடையில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டான். கொஞ்ச நேரம் மழையைப் பற்றி, பிளவக்கல் அணையில் தண்ணீர் எவ்வளவு என்பதைப் பற்றிப் பேசினோம். பிறகு கேட்டேன். "எலே, பிள்ள சொன்னதுக்கு இம்புட்டுக் கோவமா?"

"பிள்ள சொன்னதுக்கு இல்லக்கா. வெளிய இருங்கன்னு முன்னாலயே சொல்லிருந்தா இருந்திருப்பேன். உக்காந்த பொறவு எழுப்பிட்டா. நீயும் பாத்துக்கிட்டு இருந்த."

நான் பேச்சை மாற்றினேன். "அந்தத் தோப்புல கட்டடம் கட்டுனா காட்டிலாகா ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

அவன் தராசை ஒருமுறை தட்டி நேராக்கினான். "சொல்லத்தான் செய்வாங்க. பக்கத்துத் தோப்புக்காரன் ஒரு தகரச் செட்டுப் போடவே அலையா அலைஞ்சான்."

"இத ஏன்டா நீ எங்கிட்டச் சொல்லல?"

"நீ கேக்கலயே. கேட்டிருந்தா சொல்லிருப்பேன்."

"நீயாச் சொல்லிருக்கலாம்ல?"

"நீயாக் கேட்டிருக்கலாம்ல?" என்றான். பிறகு அவனே மெதுவாகச் சொன்னான்: "நீ கேக்க மாட்ட. கேட்டா தம்பிய நம்பலன்னு ஆயிரும். நானும் சொல்ல மாட்டேன். சொன்னா அக்காவுக்கு நெலம் குடுக்க மனசில்லன்னு ஆயிரும். நாம அப்படித்தானக்கா வளந்தோம்?"

அவன் என்னை ஏமாற்றவில்லை. நானும் கண்ணை மூடிக்கொண்டு அவனுக்குச் சலுகை காட்டவில்லை. ஒருவரையொருவர் நம்புகிறோம் என்பதாலேயே ஒருவரும் வாய் திறக்காமல், கட்ட முடியுமா என்றே தெரியாத ஓரிடத்தை வாங்கி முடித்திருப்போம். நம் வீட்டில் கேள்வி கேட்டால் சந்தேகப்பட்டதாக அர்த்தம். நீ எல்லாக் கூட்டத்திலும் எல்லோரிடமும் கேட்கிறாயே, அது எரிச்சலாக இருந்தது. எல்லோரிடமும் கேட்பது என்று வழக்கமாக்கிவிட்டால் அப்புறம் யாரையும் சந்தேகப்பட்டதாக ஆகாது என்பதற்காகத்தான் அப்படிச் செய்கிறாயா? நீ அப்படி விளக்கியதில்லை. நானாக நினைத்துக்கொள்கிறேன். சரியாக இருந்தால் வகுப்பில் சொல். தவறாக இருந்தால் என்னிடம் வந்து திருத்தாதே.

"வியாழக்கிழமை கூட்டம். வருவியா?" என்றேன். "யாரு கூப்புடுதா? நீயா, பாப்பாவா?" என்றான். "தலைவி கூப்புடுதேன்" என்றேன். "அப்ப மறுபடி எழுப்புவாளா?" "அவ எழுப்ப மாட்டா. நான் தொடக்கத்துலயே கேப்பேன், யாருக்குச் சொந்தச் சம்பந்தம்னு. நீ ஒன் வாயால சொல்லு. காட்டிலாகா விசயத்தையும் சொல்லு. பொறவு நீயா எழுந்திரு." யோசித்தான். "நான் மட்டும் தனியாப் போய் வெளிய உக்காரணுமாக்கும், தண்டன வாங்குன பிள்ள மாதிரி" என்றான். "இல்லடா. நானும் வாரேன்" என்றேன்.

அதைச் சொல்லும்போது சட்டத்தை நினைத்துச் சொன்னேனா, அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னேனா என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசித்தேன். அவன் தனியாக உட்காரக் கூடாது என்பதற்காகத்தான் என்று நினைக்கிறேன். ஆடிட்டர் கேட்டால், உடன்பிறந்தவள் என்பதால் வெளியேறினாள் என்று எழுதிக்கொள்ளட்டும். இரண்டும் ஒரே கதவு வழியாகத்தான் போகிறது. அது எப்படி என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஒன்று மட்டும் நிச்சயம்: நீ சொல்லி நான் போகவில்லை.

ஆகவே வியாழக்கிழமை அந்த அறையில் நீயும் ஞானதுரை சாரும்தான் இருப்பீர்கள். உங்கள் இரண்டு பேருக்கும் இந்த நிலத்தில் சம்பந்தம் இல்லை. காட்டிலாகா சொல்வதை விசாரியுங்கள், லாரி திரும்புமா என்று பாருங்கள், வேறு இடத்தையும் பாருங்கள். என் முகத்தை மனதில் வைத்து முடிவெடுக்காதீர்கள். நான் கட்டிய கம்பெனியின் விஷயத்தை நான் இல்லாமல் பேசுகிறார்கள் என்பது எனக்கு எப்படி இருக்கும் என்றும் நினைக்காதீர்கள். எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியவில்லை.

முடிவு எதுவானாலும் அதை ஆடிட்டர் மூலம் மெயிலில் அனுப்பாதே. நீயே கதவைத் திறந்து வெளியே வா. பேண்டேஜ் பெட்டி அடுக்குகிற இடத்தில் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருப்போம். உன் மாமாவின் முகத்தைப் பார்த்து, காரணத்தோடு சொல். வேண்டாம் என்று நீங்கள் முடிவெடுத்து, அதைக் கேட்டு அவன் கோபப்பட்டால், நான் அவன் பக்கம்தான் பேசுவேன். கொஞ்சம் சத்தமாகவே பேசுவேன். அதற்காக நீ முடிவை மாற்றிவிடாதே.

அம்மா